கரையேறிய லாஞ்சியின் கயிறுகள்

கஸ்பார் முதலாளியின் லாஞ்சி மீன்பிடித் தடைக்காலத்துக்காகக் கரையேறி, மணலில் மரச்சட்டங்களின் மேல் உட்கார்ந்து, வயிற்றுக்குப் புதுச் சாயம் பூசிக்கொண்டு காய்ந்துகொண்டிருந்த வைகாசி மாதத்தில், கடலை விட்டு ஒரு கூப்பிடு தூரம் தள்ளி நின்ற அந்த லாஞ்சியின் அடியில், தண்ணீரைத் தள்ளுகிற விசிறியில் ஒரு நாள் காலை கயிறு சிக்கியிருந்தது. அதை முதலில் பார்த்தவள் தெக்லா. தலையில் வெறும் மீன்பெட்டியோடு கரைக்கு வந்தவள், பாசி படிந்து, ஈரம் சொட்டச் சொட்ட, விசிறியின் இலைகளைச் சுற்றி இறுகிக் கிடந்த கயிற்றைப் பார்த்தாள், அதிலிருந்து ஒரு சின்ன நண்டு இறங்கி ஓடியதைப் பார்த்தாள், கீழே மணல் நனைந்து கறுத்திருந்ததையும் பார்த்தாள், சாயம் காய்வதற்குள் சிக்கிவிட்டதே என்று மட்டும் நினைத்துக்கொண்டு மீன் எடுக்கப் போய்விட்டாள். அவளுக்கு அவள் கவலை.

அவளைக் குறை சொல்ல முடியாது. கயிறு சிக்குவதற்கு வேண்டிய எல்லா ஏற்பாட்டையும் கஸ்பார் அந்த வாரம்தான் செய்து முடித்திருந்தார். நடுக்கடலில் விசிறியில் கயிறு சுற்றினால் இன்ஜின் திணறி நின்றுவிடும். ஒருவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, கத்தியை வாயில் கவ்விக்கொண்டு அடியில் முங்கி அறுத்துவிட வேண்டும். அலையில் லாஞ்சி ஏறி இறங்கும்போது தலை மாட்டினால் அதோடு சரி. அந்த வேலை எப்போதும் டிரைவர் ஜெரோமுக்குத்தான் வரும். இந்த வருசம் ஜெரோம், "இனி நான் முங்க மாட்டேன் முதலாளி, வேற ஆளப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டதால், கஸ்பார் டவுனுக்குப் போய்ப் பட்டறையில் சொல்லிச் செய்து, பல் வைத்த இரும்பு வளையம் ஒன்றைக் கொண்டுவந்து விசிறிக்கு முன்னால் தண்டில் மாட்டினார். எந்தக் கயிறு வந்தாலும் தானே அறுத்துக்கொள்ளும். அதுவும் தவறினால் என்ன செய்வது என்று பின்தட்டில் ரெண்டு கத்தி, ஒரு ரம்பம், முங்குகிறவனுக்குக் கண்ணாடி, இடுப்புக்கயிறு என்று எல்லாம் புதுசாக வாங்கி வைத்தார். பயலுக்குப் பரீட்சை வருகிறது என்று பேனா பென்சில் வாங்கி வைப்பதுபோல வைத்தார். ஒரே ஒரு லாஞ்சிக்கு இவ்வளவு கயிறு எங்கிருந்து வந்து சிக்குகிறது என்று அந்த ஊரில் யாரும் அவரைக் கேட்கவில்லை. எல்லாம் தயாராக இருந்தது, கயிறு வந்தது.

முதல் நாள் ஜெரோம் அதை அறுத்துக் குப்பையில் எறிந்துவிட்டு, எவனோ விளையாடியிருக்கிறான் என்று திட்டினான். மறுநாளும் கயிறு இருந்தது. அதற்கு மறுநாள் வலையோடு சேர்ந்து இருந்தது, வலையில் ஒரு ஊளிமீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. காவலுக்கு ஆள் போட்டார்கள். காவலுக்கு இருந்தவன், தான் கண் மூடவே இல்லை என்றும், விடிகிற நேரத்தில் பார்த்தால் இருந்தது, முன்னால் பார்த்தால் இல்லை, நடுவில் என்ன நடந்தது என்று தன்னைக் கேட்டால் தான் எதைச் சொல்வது என்றும் சொன்னான். பங்குச்சாமி வந்து தீர்த்தம் தெளித்தார். மறுநாள் தீர்த்தம் தெளித்த கயிற்றுக்குப் பதில் தெளிக்காத கயிறு வந்திருந்தது. கரைக்கு வந்த ஒரு அதிகாரி, கடலில் சிக்கும் கயிறுதான் தன் வேலை, கரையில் சிக்குவது தன் வேலையில் வராது என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார். அந்த டீயை விற்றவன் அடுத்த நாளே லாஞ்சி நிழலில் கடையை மாற்றிப் போட்டுவிட்டான்.

வலையோடு வந்த அந்தக் கயிற்றில்தான் சேலைத்துணி தெரிந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கரையோரம் சின்னப் படகில் மீன் பிடிக்கும் வள்ளத்துக்காரர்கள் வலைக்குப் போடும் மேல்கயிற்றில், அந்தந்த வீட்டுப் பெண்கள் தாங்கள் கட்டிக் கிழிந்த சேலையை நீளநீளமாகக் கீறி, கயிற்றின் புரிகளுக்குள் சேர்த்து முறுக்கிவிடுவார்கள். வலை அறுந்து ஒதுங்கினால் யாருடையது என்று தெரிய அதுதான் அடையாளம். ஆண்களுக்குக் கயிறெல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். பெண்களுக்கு அப்படி இல்லை, எந்தச் சேலையை எவள் எந்தத் திருவிழாவுக்குக் கட்டினாள், முந்தானையில் எங்கே குழம்பு கொட்டினாள் என்பது வரைக்கும் அவர்களுக்குத் தெரியும். ஆகவே கயிற்றுக்கு வழக்கு வந்தால் பெண்கள்தான் சொல்ல வேண்டும். அதிலும் தன் கயிற்றைத் தானே சொல்லக்கூடாது. உடையவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நிற்க, வேறு ரெண்டு பெண்கள் "இது இன்னாருடையது" என்று சொல்ல வேண்டும். சொன்னால் அது அவளுக்கு. யாரும் சொல்லாத கயிறு கோயிலுக்கு.

இப்படிச் சொல்வதில் தெக்லாவை அடிக்க ஊரில் ஆள் கிடையாது. ஈரக்கயிற்றை ரெண்டு விரலால் விரித்து, உப்பில் வெளுத்துப்போன ஒரு நூலைப் பார்த்து, "இது அமலோற்பவத்தோட பச்சச் சேல, அவ மக கோயில்ல புதுநன்மை வாங்குன அன்னைக்குக் கட்டுனது" என்பாள். அமலோற்பவம் வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள். காலைப் பூசை முடிந்ததும் பெண்கள் நேராக லாஞ்சிக்கு வருவதும், கோயில் உபதேசியார் நடுவில் நின்று "இது யாருது?" என்று கேட்பதும், ரெண்டு பேர் சொல்வதும், கயிறு வீட்டுக்குப் போவதும் சீக்கிரமே ஊரின் காலை வேலைகளில் ஒன்றாகிவிட்டது. வந்த வலையில் மீன் இருந்தால் அதுவும் வலைக்காரருக்கே. போன வருசம் தொலைந்த வலையில் துள்ளத் துள்ள மீன் இருந்ததைப் பற்றி, ருசி எப்படி என்பதைத் தவிர யாரும் எதுவும் பேசவில்லை.

வலை அறுந்துபோகும் ஒவ்வொரு முறையும் கஸ்பார்தான் முன்னால் நின்று, "வெளியூர் லாஞ்சிக்காரன் கரையோரம் வந்து அறுத்துட்டுப் போறான், இத நாம சும்மா விடப்பிடாது" என்று சத்தம் போட்டு, ஊரைக் கூட்டிக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்தவர். இப்போது அறுத்தவன் யார் என்று அவர் லாஞ்சியின் விசிறியே சொல்லிவிட்டது. வள்ளத்துக்காரர்கள் கோயில் முற்றத்தில் கூடினார்கள், அரிவாளை எடு என்றார்கள், லாஞ்சியைக் கொளுத்து என்றார்கள். அப்போது யாரோ ஒருவர், "அந்த லாஞ்சியில போறவன் யாரு வே?" என்று மெதுவாகக் கேட்டார். லாஞ்சியில் போகிறவர்கள் எல்லாரும் அந்த ஊர்க்காரர்கள்தான். கத்தியவனுடைய தம்பி, கத்தியவனுடைய மருமகன், கத்தியவனுடைய மூத்த பையன். கூட்டத்தின் சத்தம் அடுப்பில் தண்ணீர் ஊற்றியதுபோல அடங்கியது. பிறகு கஸ்பார் எழுந்து, நடந்தது நடந்துபோச்சு, இனி கரையோரம் வரமாட்டேன், வருகிற கயிறெல்லாம் அவரவர்க்கு, எல்லாருக்கும் ஆட்டுக்கறி பிரியாணி என்றார். ஒற்றுமை திரும்பியது. அதற்கு நாலு ஆடு செத்தது.

நடுவில் கஸ்பார் விசிறியைக் கழற்றிப் பார்த்தார். கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் ஹாலில் வைத்தார். மறுநாள் கயிறு ஹாலில் இருந்தது. சோபா நனைந்துவிட்டது என்று முதலாளியம்மா போட்ட சத்தத்தில் அன்றைக்கே விசிறி திரும்ப லாஞ்சிக்கு வந்தது.

தெக்லாவின் கவலை என்ன என்று சொல்லாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். தெக்லாவின் புருசன் சந்தியாகு. மூன்று வருசத்துக்கு முன்னால், கிறிஸ்துமஸ்ஸுக்கு முந்தின வாரம், வாசலில் காகித ஸ்டாரைக் கட்டி, உள்ளே பல்பு போட்டு, "சாயங்காலம் வந்து எரியவிடுதேன், நீ சுவிட்சத் தொடாத" என்று சொல்லிவிட்டு, கூட வருகிறவனுக்குக் காய்ச்சல் என்பதால் தனியாக வள்ளம் இறக்கிப் போனவன் திரும்பி வரவில்லை. தேடினார்கள். வள்ளமும் இல்லை, வலையும் இல்லை, ஆளும் இல்லை. அப்புறம் ஜெரோம் ஒரு சேதி கொண்டுவந்தான்: மலையாளக் கரையில் சந்தியாகுவைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், வள்ளத்தை அங்கே விற்றுவிட்டு ஒருத்தியோடு இருக்கிறானாம். ஜெரோம் வேறு யாரும் அல்ல, சந்தியாகுவின் தங்கை ரூபினாவைக் கட்டியவன்; சொந்த மச்சானே சொல்கிறான் என்றால் பொய்யாகவா இருக்கும் என்று ஊர் அதை எடுத்துக்கொண்டது. பிள்ளை இல்லாதவன், எதுக்காக நிற்பான் என்றது. பாவம் தெக்லா என்றது. பாவம் என்று சொன்ன வாயோடு, அவளுடைய சமையல் சரியில்லை, பேச்சு சரியில்லை என்று காரணமும் கண்டுபிடித்தது.

தெக்லா நம்பவில்லை. ஓடிப்போகிறவன் ஸ்டார் கட்டிவிட்டுப் போகமாட்டான் என்பது அவள் கட்சி. பங்குச்சாமியிடம் போனாள். "அவிய செத்துட்டாவ சாமி. ஒரு பூசை வைங்க. துக்கமணி அடிக்கச் சொல்லுங்க."

"எத வச்சும்மா சொல்லுத? சாட்சி வேணுமே. உயிரோட இருக்கவனுக்கு மணி அடிச்சா அது பாவமில்லையா?"

துக்கமணி அடித்தால்தான் அந்த ஊரில் ஒருவன் செத்தவன். அடிக்கும்போது ஊரே வேலையை நிறுத்தி "யாருக்கு?" என்று கேட்கும், மணி அடிக்கிறவர் பெயரைச் சொல்வார், எல்லாரும் சிலுவை போட்டு ஒரு செபம் சொல்வார்கள். அந்த ஒரு செபம் சந்தியாகுவுக்குக் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளில் ஊரே மெழுகுவத்தி ஏற்ற, தெக்லா வத்தியைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் குழிக்கு முன்னால் நிற்பது என்று தெரியாமல் வாசல் கேட்டோடு திரும்பி வருவாள். புருசன் செத்திருக்க வேண்டும் என்று மாதாவிடம் மன்றாடிய பெண் அந்தக் கரையில் அவள் ஒருத்திதான். அப்படி மன்றாடிவிட்டு வீட்டுக்கு வந்து தன் வாயிலேயே அடித்துக்கொள்வாள். ஸ்டார் வாசலில் வெளுத்துக் கிழிந்து கம்பி மட்டும் தொங்கியது. சுவிட்சை அவள் இன்னும் தொடவில்லை.

இப்போது விசிறியிலிருந்து வருகிற கயிறுகளுக்கு ஒரு வரிசை இருந்தது. கடைசியாக அறுந்தது முதலில் வந்தது, அதற்கு முன்னால் அறுந்தது அடுத்து வந்தது. பங்குனியில் தொலைத்தவள் வாங்கிப் போனாள், பிறகு மாசியில் தொலைத்தவள், பிறகு போன வருசத்து மாதா திருவிழாவுக்கு முந்தி தொலைத்தவள். விசிறி பின்னோக்கி நடந்தது. தெக்லா அதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. விடியுமுன் லாஞ்சியடியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். ஜெரோமும் புரிந்துகொண்டான்; கடலுக்குப் போகத் தடை முடிய வேண்டும், கரையை விட்டு இறக்கி நிறுத்த என்ன தடை, இன்றைக்கே தண்ணீரில் தள்ளுவோம் என்று முதலாளியிடம் மன்றாடினான். கஸ்பார், பங்குச்சாமி மந்திரித்து மணி அடித்துத்தான் இறக்குவேன் என்று பிடிவாதமாக நின்றார், அவர் பக்தி அப்படி. ரூபினா கோயிலில் தெக்லாவின் பக்கத்தில் முழங்காலிடுவதை விட்டாள். எதிரே வந்தால், "மைனி, அடுப்புல உலை வச்சிட்டு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே நடப்பாள். எப்போது பார்த்தாலும் அவள் அடுப்பில் உலை இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கயிறு வந்தது.

விசிறியில் அது சுற்றியிருந்த விதமே வேறாக இருந்தது, அவசரமாக, கண்டபடி, வலையும் கயிறும் மிதவைக் கட்டைகளும் ஒன்றோடு ஒன்று கடித்துக்கொண்டு. ஜெரோம் ரம்பத்தை வைக்கத் தெக்லா பார்த்துக்கொண்டே இருந்தாள். அறுந்த முனை தளர்ந்து விழ, அதன் முறுக்குக்குள் மஞ்சள் தெரிந்தது, மஞ்சளை ஒட்டிக் கத்திரிப்பூ நிறத்தில் கரை தெரிந்தது. கூடவே, கயிற்றில் மாட்டியிருந்து, உள்ளங்கை அகலத்தில் நீலச்சாயம் அடித்த ஒரு ஃபைபர் துண்டு மணலில் விழுந்தது. வள்ளத்தின் விளிம்புத் துண்டு. வேறு எந்தக் கயிற்றோடும் அப்படி ஒன்று வந்ததில்லை. ஜெரோம் அதைக் குனிந்து எடுக்கவில்லை. ரம்பத்தைத் துடைத்துக்கொண்டே, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டே, வலது காலால் அதன் மேல் மணலைத் தள்ளினான். தெக்லா அந்தக் காலைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது ரூபினாவும் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மஞ்சள் சேலை யாருக்குத் தெரியாது? தங்கை கல்யாணத்துக்கென்று சந்தியாகு தெக்லாவுக்கு டவுனில் எடுத்துக் கொடுத்தது. கல்யாண போட்டோவில் ரூபினாவுக்கு வலது பக்கம் அந்தச் சேலையில்தான் தெக்லா நிற்கிறாள். அன்று சாயங்காலம் வெடிப்பொறி விழுந்து முந்தானை பொத்தலாகி, இனி கட்ட முடியாது என்று ஆனதும், ரூபினாவும் தெக்லாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, சிரித்துச் சிரித்து, அதைக் கீறிப் புதுக்கயிற்றில் முறுக்கினார்கள். அந்த முறுக்கில் பாதி ரூபினாவின் கை.

தெக்லா முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். மூன்று வருசத்தில் முதல் தடவையாக அவளுக்குச் சந்தோசம் வந்தது. அதைச் சந்தோசம் என்றுதான் சொல்ல வேண்டும், அது எவ்வளவு பெரிய கொடுமையாக இருந்தாலும்.

"இது யாருது?" என்றார் உபதேசியார்.

பெண்கள் கயிற்றைப் பார்த்தார்கள். பிறகு ஜெரோமைப் பார்த்தார்கள். ஜெரோமுக்குப் பின்னால் சாய டப்பாவோடு நின்ற தங்கள் தம்பிகளை, மருமகன்களை, மூத்த பையன்களைப் பார்த்தார்கள். வலையை அறுத்ததற்கு ஆடு போதும். இதற்கு ஆடு போதாது என்பது அத்தனை பேருக்கும் தெரிந்தது. அமலோற்பவம் கழுத்துச் செபமாலையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"இது யாருதும்மா?" என்று உபதேசியார் இன்னொரு தரம் கேட்டார்.

ரூபினா முன்னால் வந்தாள். கயிற்றைக் கையில் எடுத்தாள், ரெண்டு விரலால் விரித்தாள், தெக்லா விரிப்பதுபோலவே விரித்துப் பார்த்தாள்.

"தெரியல" என்றாள் ரூபினா. "நம்ம ஊருக் கயிறு மாதிரித் தெரியல."

அதன் பிறகு மற்றவர்களுக்குச் சுலபமாகிவிட்டது. கூடப்பிறந்தவளே தெரியவில்லை என்கிறாள், நமக்கு எப்படித் தெரியும்? தெரியலையே என்றாள் ஒருத்தி. வடக்க உள்ள கயிறாருக்கும் என்றாள் இன்னொருத்தி. தெக்லா வாயிலிருந்த துணியை எடுத்தாள்.

"இது என்னது. இது அவியளோட கயிறு."

உபதேசியார் சங்கடப்பட்டார். நல்ல மனுசர், அதனால் அதிகமாகவே சங்கடப்பட்டார். "நீ சொல்லப்பிடாது தெக்லா. ஒனக்குத் தெரியாத வழக்கமா? நீயே எத்தன பேருக்குச் சொல்லிருக்க."

"சொல்லிருக்கேன்ல்லா?" தெக்லா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "அமலோற்பவம், ஒனக்கு நான் சொன்னேன். லில்லி, ஒனக்கு. ஒரு நூல வச்சி, ஒத்த நூல வச்சிச் சொன்னேன். இங்க முழுச் சேலையும் கெடக்கு. ஒருத்திக்கும் கண்ணு தெரியலயா?"

டீக்கடைக்காரன் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான். பிறகு பெண்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். தெக்லா மணலைத் தோண்டிப் பார்த்தாள். ஃபைபர் துண்டு அங்கே இல்லை.

மத்தியானம் ரூபினா வீட்டுக்குப் போனாள். இந்த முறை உண்மையாகவே அடுப்பில் உலை இருந்தது. ரூபினா திரும்பாமல் அரிசி களைந்தாள்.

"வாங்க மைனி. இருங்க."

"இருக்க வரல. அத எங்கிட்ட சொல்லு. ஊருக்கிட்ட வேண்டாம், எங்கிட்ட சொல்லு. அது என்ன சேல?"

ரூபினாவின் கை தண்ணீருக்குள் நின்றது. "மஞ்சச் சேல" என்றாள். "கத்திரிப்பூக் கரை. நாம ரெண்டு பேருந்தான் கீறுனோம்." பிறகு திரும்பினாள், முகம் வீங்கியிருந்தது, காலையிலிருந்து அழுதிருந்தாள். "வெளக்கு போடாம கரையோரம் வந்திருக்காவ மைனி. வலையில ஏறிட்டாவ. முங்கி அறுக்கும்போதுதான் இவியளுக்குக் கையில வள்ளத் துண்டு தட்டுப்பட்டிருக்கு. கூவிக் கூப்பிட்டுப் பாத்திருக்காவ. சத்தம் இல்ல. அதுலருந்து இந்த மனுசன் ஒரு நா நிம்மதியா ஒறங்குனது கிடையாது."

"அதான் மலையாளத்துல பொம்பளையோட இருக்காவன்னு சொல்லத் தெரிஞ்சுதோ?"

"அண்ணன் போயாச்சு. இனி வரமாட்டாவ. செத்தவியளுக்காக இருக்கவியளையும் ஜெயிலுக்கு அனுப்பச் சொல்லுதியளா? எனக்குப் புள்ளைய இருக்கு மைனி."

"செத்தவியன்னு சொல்லிட்டல்லா. இதத்தான் நான் கேக்கேன். வேற ஒண்ணும் கேக்கல. ஒன் புருசன ஒருத்தரும் புடிச்சிட்டுப் போவ வேண்டாம். வெளிய வந்து, எங்க அண்ணன் செத்துட்டாவன்னு மட்டும் சொல்லு. மணி அடிக்கட்டும்."

"எப்படிச் செத்தாவன்னு கேப்பாவளே" என்றாள் ரூபினா.

உலை பொங்கி அடுப்பை அணைத்தது. ரூபினா அதைத் துடைக்கத் திரும்பினாள், திரும்பியவள் திரும்பியபடியே இருந்தாள். தெக்லா கொஞ்ச நேரம் அந்த முதுகைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். வெறுக்கக்கூட முடியாத ஒருத்தியை வெறுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் விசிறியில் கயிறு இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அதற்கு முன்னால் வலை தொலைத்தவர்கள் இன்னும் பாதிப் பேர் காத்திருந்தார்கள். உடையவள் வாய் திறக்கக்கூடாது என்ற வழக்கத்தை மீறி அவள் வாய் திறந்ததால்தான் கயிறு வருவது நின்றுபோய்விட்டது என்று அவர்கள் தெக்லாவைத் திட்டினார்கள். ஒருத்தி அவளிடம் மீன் வாங்குவதையும் நிறுத்தினாள். மஞ்சள் கயிறு, சொல்ல ஆள் இல்லாத கயிறு என்பதால் முறைப்படி கோயிலுக்குப் போனது. கோயிலில் மணிக்கயிறு நைந்துபோய் இருந்தது. நல்ல கெட்டிக் கயிறு, கடல் தின்றும் புரி விடவில்லை என்று மெச்சி உபதேசியார் அதைக் கழுவிக் காயவைத்து மணியில் கட்டினார்.

தடைக்காலம் முடிந்தது. லாஞ்சி இறங்குகிற காலையில் ஊரே கரையில் இருந்தது. வயிறு பளபளக்க, விசிறி பளபளக்க, பல் வைத்த வளையம் பளபளக்க லாஞ்சி தண்ணீருக்குள் போய் நின்றது. ஜெரோம் தலையில் துண்டு கட்டிக்கொண்டு ஏறினான். கஸ்பார் மாலை போட்டார், பங்குச்சாமி தீர்த்தப் பாத்திரத்தை எடுத்தார். மந்திரிக்கும்போது சந்தோச மணி அடிக்க வேண்டும், விடாமல், வேகவேகமாக. மேலே கோயிலில் மணி அடித்தது. ஆனால் அது சந்தோச மணி இல்லை. ஒரு அடி, பிறகு நெஞ்சு காத்திருக்கும் அளவுக்கு ஒரு இடைவெளி, பிறகு ஒரு அடி. மணி அடிக்கப் போக வேண்டிய உபதேசியார் இன்னும் கரையில்தான் நின்றார். மணிக்கூண்டில் தெக்லா இருந்தாள். தன் சேலையும் தன் புருசனின் கயிறும் முறுகிக் கிடந்ததைப் பிடித்து, முழுப் பாரத்தோடு தொங்கித் தொங்கி இழுத்துக்கொண்டிருந்தாள்.

பழக்கம் பெரியது. கரையில் நின்ற அத்தனை பெண்களும் யோசிக்காமல் முக்காடு போட்டார்கள். ஆண்கள் துண்டை எடுத்தார்கள். லாஞ்சியில் நின்ற ஜெரோமின் கையும் தானாகத் தலைக்குப் போய்த் துண்டை அவிழ்த்தது. "யாருக்கு?" என்றது ஊர், ஒரே குரலில், மேலே பார்த்து.

"சந்தியாகுவுக்கு" என்றாள் தெக்லா.

கொஞ்ச நேரம் அலைச் சத்தம் மட்டும் கேட்டது. அந்தக் கொஞ்ச நேரத்தில் ஊர் நினைத்திருந்தால் ஒரு சிலுவை போட்டிருக்கலாம், ஒரு செபம் சொல்லியிருக்கலாம், அதற்கு நாலு ஆடு வேண்டியதில்லை. பங்குச்சாமிதான் முதலில் தொண்டையைச் செருமினார். எல்லாருக்கும் கேட்கும்படி, மிகவும் கனிவாக, "கடலில் மரித்த எல்லா ஆத்துமாக்களுக்காகவும் செபிப்போம்" என்றார். எல்லா ஆத்துமாக்களுக்காகவும் என்றதும் ஊருக்கு மூச்சு வந்தது. எல்லாருக்கும் என்றால் யாருக்கும் இல்லை அல்லவா? ஊரே சேர்ந்து, கண்ணீர் மல்க, பெயர் இல்லாத அந்தச் செபத்தைச் சொன்னது. ஜெரோமும் சொன்னான். கஸ்பார் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார். பிறகு இன்ஜின் ஓடத் தொடங்கியது.

அதிலிருந்து அந்த ஊரில் தடைக்காலம் முடிந்து லாஞ்சி இறக்கும்போது முதலில் துக்கமணிதான் அடிக்கிறார்கள். கடலில் மரித்த எல்லாருக்காகவும் பெண்கள் வரிசையாக வந்து ஆளுக்கு ஒரு தரம் கயிற்றை இழுக்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்க்க வருகிறார்கள், நல்ல வழக்கம் என்று சொல்கிறார்கள். எப்போதிருந்து என்று கேட்டால், காலங்காலமாக என்று ஊர் சொல்கிறது.

தெக்லாவும் வரிசையில் வருவாள். தன் முறை வந்ததும் இழுத்துவிட்டு, போகாமல் தூணோரம் ஒதுங்கி நிற்பாள். ரூபினாவின் முறை வரும்வரை நிற்பாள். கயிற்றில், கை எட்டும் உயரத்தில், உப்பிலும் வெயிலிலும் வெளுத்தும் இன்னும் போகாமல் மஞ்சள் தெரிகிற ஒரு சாண் இடம் உண்டு. மற்றப் பெண்கள் அதையும் பிடிப்பார்கள், மேலேயும் பிடிப்பார்கள், கீழேயும் பிடிப்பார்கள், அவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். ரூபினா மட்டும் குதிகாலை உயர்த்தி, எட்டாததை எட்டி, மஞ்சளுக்கு மேலே பிடித்து இழுப்பாள். ஒரு வருசமும் அவள் விரல் அந்த மஞ்சளில் பட்டதில்லை.

ரெண்டு சாட்சி வேண்டும் என்பது ஊர் வழக்கம். தெக்லாவுக்கு இதுவரை ஒன்று கிடைத்திருக்கிறது.